துவிச்சக்கரவண்டிக்கு உயிரூட்டிய கொல்லன் மகன்
சொய்ச்சிரோ ஹொண்டா (1906 – 1991)

ஹொண்டா என்னும் பெயரை அறியாத தமிழ்ப் பிள்ளை இருக்க முடியாது. வீதியில் ஓடும் காரின் முகப்பிலும், மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியிலும், புல்வெட்டும் பொறியின் மூடியிலும் அப்பெயர் பொறிக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். பெற்றோர்களுக்கோ அப்பெயர் இன்னும் நெருக்கமானது. நம் ஊர் ஒழுங்கைகளிலே ஆசிரியரையும், விதானையாரையும், சில வேளைகளில் ஒரு குடும்பம் முழுவதையுமே சுமந்து சென்ற சின்னஞ்சிறு வண்டியின் பெயர் அது. ஆயினும் அது ஒரு கம்பனியின் பெயர் மட்டுமன்று, உலைக்களத்தின் அருகே பிறந்த ஒரு மனிதரின் பெயர் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு பெருங் கம்பனியின் பெருமையைப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. போரிலே தோற்று, எரிந்து, பசித்துக் கிடந்த ஒரு நாட்டில், படையினர் கைவிட்டுச் சென்ற சிறு எஞ்சின் ஒன்றை எடுத்து ஏழையின் துவிச்சக்கரவண்டியிலே பூட்டிய ஒருவரின் வாழ்க்கையையே இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம். யாவற்றையும் இழந்த பின்னர் எஞ்சியிருப்பதைக் கொண்டு என்ன செய்யலாம் என்னும் வினா நம் மக்களுக்குப் புதியதன்று. அவ்வினாவிற்குச் சொய்ச்சிரோ ஹொண்டா தம் கைகளாலேயே விடை எழுதினார்.

பட்டறையில் வளர்ந்த பிள்ளை

யப்பான் நாட்டின் சிசுவோக்கா மாகாணத்தில், ஹமமட்சு நகருக்கு அண்மையிலுள்ள கோமியோ என்னும் சிற்றூரில், 1906 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 17 ஆம் நாள் சொய்ச்சிரோ பிறந்தார். தந்தையார் கிஹெய், கொல்லுத்தொழில் செய்தவர். தாயார் மிக்கா, நெசவு வல்லவர். உலையின் வெம்மையும் சம்மட்டியின் ஓசையுமே குழந்தைக்குத் தாலாட்டாயின. பின்னாளில் தந்தையார் பழுதடைந்த துவிச்சக்கரவண்டிகளை வாங்கி, அவற்றைச் செப்பனிட்டு விற்கத் தொடங்கினார். கைவிடப்பட்ட பொருளுக்கு மீண்டும் உயிர் கொடுக்கலாம் என்பதை அப்பிள்ளை நூலிற் படிக்கவில்லை. வீட்டு முற்றத்திலேயே கண்டு வளர்ந்தது.

ஊரில் அரிசி தீட்டும் ஆலை ஒன்று இருந்தது. அங்கு ஓடிய எஞ்சினின் ஓசையைக் கேட்பதற்காகவே குழந்தை பாட்டனாரை நச்சரித்து அவர் தோளிலேறிச் செல்லும். முதன்முதலாக ஒரு மோட்டார் வண்டி அவ்வூருக்கு வந்தபோது, சிறுவன் அதன் பின்னால் ஓடினான். வண்டி நின்ற இடத்தில் நிலத்திற் சிந்திய எண்ணெயைத் தொட்டு மோந்து, கைகளிலும் பூசிக்கொண்டான். அந்த மணம் தம்மை விட்டு என்றும் அகலவில்லை எனப் பிற்காலத்தில் அவர் சொல்லி மகிழ்வதுண்டு.

ஏறத்தாழப் பத்து வயதில், ஹமமட்சுவில் ஓர் அமெரிக்க விமானி வான்சாகசம் காட்டப் போகின்றார் என்னும் செய்தி சிறுவனுக்கு எட்டியது. பள்ளிக்குச் செல்லாமல், தந்தையாரின் பெரிய துவிச்சக்கரவண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். இருக்கையில் அமர்ந்தால் மிதிக்கட்டை எட்டாது. ஆகவே சட்டத்தின் முக்கோணத்துள் ஒரு காலை நுழைத்து, உடலை வளைத்து, ஏறக்குறைய 20 கிலோமீற்றர் தூரம் மிதித்துச் சென்றான். இவ்வாறு ஓடிப் பழகிய அப்பாமார் நம்மிடையேயும் பலர் உளர். அங்கு சென்றபோது நுழைவுச்சீட்டு வாங்கக் கையிலிருந்த காசு போதவில்லை. அருகிலிருந்த பைன் மரத்தில் ஏறி, கிளையில் அமர்ந்து விமானத்தைக் கண்டு களித்தான். வீடு திரும்பியதும் தந்தையார் முதலிற் சினந்தாராயினும், மகன் கண்டு வந்ததைக் கேட்கக் கேட்க அவருக்கே ஆவல் மிகுந்துவிட்டது.

பள்ளிப் படிப்பில் அவர் சிறந்து விளங்கியவர் அல்லர். யப்பானிலே கையொப்பத்திற்குப் பதிலாகக் குடும்ப முத்திரை பதிப்பது வழக்கம். தேர்ச்சி அறிக்கையைத் தந்தையாரிடம் காட்ட அஞ்சிய சிறுவன், இறப்பர்த் துண்டொன்றிலே தானே முத்திரை செதுக்கிப் பதித்துக் கொடுத்தான். அது பிடிபடவில்லை. இதைக் கண்ட தோழர்கள் தங்களுக்கும் வேண்டுமென்றனர். அவர்களுக்கும் செதுக்கிக் கொடுத்தான். அங்கேதான் அகப்பட்டுக்கொண்டான். முத்திரையில் எழுத்தை இடவலமாக மாற்றிச் செதுக்க வேண்டும் என்பதை அவன் அறிந்திருக்கவில்லை. ஹொண்டா என்னும் பெயரை எழுதும் யப்பானிய எழுத்துக்கள் இரண்டும், நம் பகர எழுத்தைப் போல, இடமும் வலமும் ஒத்தவை. தோழர்களின் பெயர்களோ, டகரத்தைத் தலைமாறி எழுதியது போல, புறம் மாறிப் பதிந்துவிட்டன. பிள்ளைகளே, கண்ணாடியின் முன் இவ்விரு எழுத்துக்களையும் பிடித்துப் பாருங்கள். அந்தக் குறும்பு எங்கே தவறியது என்பது விளங்கும்.

குழந்தை சுமந்த தொழில் மாணாக்கர்

1922 ஆம் ஆண்டு, பதினைந்தாம் வயதில், டோக்கியோ நகரிலிருந்த ஆட் ஷொக்காய் என்னும் மோட்டார் வண்டி திருத்தும் நிலையத்திலே தொழில் பழகச் சென்றார். எஞ்சின்களைத் தொடப்போகின்றோம் என்னும் கனவோடு சென்றவருக்கு முதலிற் கிடைத்தது முதலாளியின் குழந்தையைச் சுமக்கும் வேலை. மாதக்கணக்கில் முதுகிலே குழந்தை, கையிலே துடைப்பம். ஊருக்குத் திரும்பி ஓடிவிட எண்ணியதும் உண்டு. ஆயினும் தந்தையாரின் முகத்தை நினைத்துப் பொறுத்திருந்தார். வேலை மிகுந்த ஒரு பனிநாளில் முதலாளி அவரை அழைத்து ஒரு வண்டியின் கீழே படுத்து வேலை செய்யுமாறு பணித்தார். அன்றிலிருந்து அவர் கைகள் ஓய்ந்ததில்லை.

1923 ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் நாள் டோக்கியோ நகரைப் பெரும் நிலநடுக்கமும் தீயும் அழித்தன. திருத்தகமும் எரிந்தது. தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர். இளைஞர் ஹொண்டா தங்கியிருந்தார். தீயிற் கருகிய வண்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, தேய்த்து, வளைவு நிமிர்த்தி, மீண்டும் ஓடச் செய்யும் பணியிலே ஈடுபட்டார். அழிவின் நடுவே கற்ற பாடம் ஆழமாகப் பதியும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. மறுவருடம் முதலாளியும் தோழரும் சேர்ந்து, பழைய விமான எஞ்சினொன்றைப் பூட்டி அமைத்த பந்தயக் கார் போட்டியில் வென்றபோது, ஓட்டுநருக்கு அருகே பொறியாளராக அமர்ந்திருந்தவர் இளைஞர் ஹொண்டா.

1928 இல் ஹமமட்சுவிலே அந்நிலையத்தின் கிளையொன்றைத் தாமே தொடங்கினார். அக்காலத்து மோட்டார் வண்டிகளின் சக்கர ஆரைகள் மரத்தாலானவை. அவற்றை வார்ப்பிரும்பாற் செய்து ஆக்கவுரிமையும் பெற்றார். 1935 இல் சாச்சி என்னும் மங்கையை மணந்தார். 1936 இல் தாமே அமைத்த பந்தயக் காரை ஓட்டியபோது பெரும் விபத்து நேர்ந்தது. அவரும், உடன் சென்ற தம்பியாரும் காயமுற்றும் உயிர் தப்பினர்.

முப்பது வயதில் வகுப்பறை

திருத்துவதோடு அமையாமல், தாமே ஏதேனும் ஆக்கவேண்டும் என்னும் வேட்கை அவருள் எழுந்தது. எஞ்சினின் உருளைக்குள் மேலுங் கீழும் ஓடும் முசலத்தைச் சுற்றி, காற்றுக் கசியாது இறுக்கிப் பிடிக்கும் வளையங்கள் உண்டு. பிஸ்ரன் றிங் என நாம் வழங்குவது இதனையே. சிறு பொருள்தானே என எண்ணி அதனைச் செய்யத் தொடங்கினார். நள்ளிரவு வரை உலையடியிலிருந்தும் வளையங்கள் முறிந்தன, தேய்ந்தன, வளைந்தன. மனைவியாரின் பொருட்களைக்கூட அடகு வைக்க நேர்ந்தது.

ஈற்றில் ஹமமட்சு உயர் தொழில்நுட்பப் பாடசாலையின் பேராசிரியர் ஒருவரிடம் தம் வளையத்தைக் காட்டினார். அதனைச் சோதித்தபோது, உலோகத்திலே சிலிக்கன் போதாது என்பது தெரியவந்தது. கைத்திறனால் மட்டும் கண்டறிய முடியாத குறை அது. உடனே அப்பாடசாலையிற் பகுதிநேர மாணவராகச் சேர்ந்தார். முப்பது வயதுத் தொழிலதிபர், தம்மிலும் பத்து வயது குறைந்த இளைஞரோடு வாங்கிலே அமர்ந்து பாடங் கேட்டார். தம் வேலைக்கு வேண்டிய பாடங்களை மட்டும் கேட்டாரேயன்றிச் சோதனை எழுதவில்லை. அதனாற் சான்றிதழ் கிடையாது என அறிவிக்கப்பட்டபோது, படமாளிகைச் சீட்டைக் காட்டினால் உள்ளே இருக்கையாவது கிடைக்கும், சான்றிதழ் அதற்கும் உதவாது என்று கேலியாக மறுமொழி கூறினார்.

இக்கதையைக் கேட்டுச் சில மாணவர் மகிழக்கூடும். அவர்கள் ஒன்றைக் கருத்திற் கொள்ளவேண்டும். அவர் சான்றிதழைத்தான் வேண்டாமென்றார். கல்வியை வேண்டாமென்று சொல்லவில்லை. பகலெல்லாம் தொழிற்சாலையில் உழைத்தவர் பிள்ளைகளோடு பிள்ளையாக வகுப்பில் இருந்தது, கற்றாலன்றி முடியாது என்பதை உணர்ந்தமையாலேயே. அதன் பின்னரும் வெற்றி எளிதாக வரவில்லை. ரொயோட்டா கம்பனியிடம் சோதனைக்குக் கொடுத்த 50 வளையங்களில் 3 மட்டுமே தேறின. தளராது உழைத்துத் தரத்தை உயர்த்தி, தோக்காய் செய்க்கி என்னும் தம் தொழிற்சாலையை வளர்த்தார்.

பின்னர் உலகப் போர் வந்தது. அத்தொழிற்சாலையும் போருக்கான உறுப்புக்களைச் செய்தது. ஏனைய தொழிற்சாலைகளைப் போலவே குண்டுவீச்சுக்கும் இலக்கானது. 1945 இல் ஏற்பட்ட நிலநடுக்கம் எஞ்சியதையும் சிதைத்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் யப்பான் சரணடைந்தது. தொழிற்சாலையில் எஞ்சியதை 450,000 யென்னுக்கு ரொயோட்டாவிடம் விற்றுவிட்டு, ஓராண்டு காலம் ஒன்றும் செய்யாதிருந்தார். புல்லாங்குழல் ஊதினார், நண்பர்களோடு பொழுது போக்கினார். ஊரார் அவருக்கு யாது நேர்ந்ததோ என வியந்தனர். உலகம் எத்திசையிற் செல்கின்றது என்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார் போலும்.

படைக்கருவி பயண வண்டியாகிய கதை

1946 ஆம் ஆண்டு யப்பானிய நகரங்கள் சாம்பர் மேடுகளாய்க் கிடந்தன. அரிசிக்குப் பங்கீடு. உணவு தேடி நகரத்தார் நாட்டுப்புறங்களுக்குச் செல்ல வேண்டியிருந்தது. புகையிரதங்களிலே கால் வைக்க இடமில்லை. பேருந்துகள் மிகச் சில. துவிச்சக்கரவண்டி ஒன்றே பொதுமக்களுக்குத் துணை. ஆனால் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு மேடு பள்ளங்களில் நாள்தோறும் மிதிப்பது எத்துணைத் துயரம் என்பதை மிதித்தவரே அறிவர்.

அவ்வாண்டு ஒருநாள் ஹொண்டா நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, அங்கே சிறிய எஞ்சின் ஒன்று கிடக்கக் கண்டார். போர்க்காலத்திலே தரைப்படையினரின் வானொலித் தொடர்புக் கருவிக்கு மின்சாரம் பிறப்பிப்பதற்காகச் செய்யப்பட்டது அது. போர் முடிந்தமையால் அதற்கு வேலையில்லை. பார்த்த மாத்திரத்தில் அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது: இதனைத் துவிச்சக்கரவண்டியிற் பூட்டினால் என்ன? எஞ்சின் பூட்டிய துவிச்சக்கரவண்டி உலகுக்குப் புதியதன்று. ஐரோப்பியர் முன்னரே செய்திருந்தனர். ஆனால் அந்த வேளையில், அந்த ஊரில், கைக்கெட்டிய பொருளையும் மக்களின் துயரையும் ஒருங்கே இணைத்துப் பார்த்த கண் ஹொண்டாவினுடையது. ஹமமட்சுவில் ஒரு சிறு கொட்டகையிலே, சில பழைய கடைசல் இயந்திரங்களுடன் வேலை தொடங்கியது.

பூட்டிவிட்டால் ஓடிவிடும் என்று எண்ணலாகாது. ஓரிடத்தில் அசையாது நின்று, ஒரே வேகத்தில் மின்பிறப்பாக்கியைச் சுழற்றுவதற்கென ஆக்கப்பட்ட எஞ்சின் அது. துவிச்சக்கரவண்டியிலோ அது குலுங்கவேண்டும்; நின்று புறப்படவேண்டும்; மேட்டில் ஏறவேண்டும். ஆகவே முதலில் எழுந்தது, எங்கே பொருத்துவது, வலுவை எவ்வாறு சக்கரத்திற்குக் கொடுப்பது என்னும் சிக்கல்.

முதலில் எஞ்சினை வண்டியின் முன்புறத்தில் வைத்து, சிறு உருளை ஒன்றினால் முன்சக்கரத்தின் ரயரை உரசிச் சுழற்றப் பார்த்தார். மிக எளிய வழி அது. ஆனால் போருக்குப் பிந்திய யப்பானிலே ரயர்களின் தரம் மிகக் குறைவு. உருளை உரச உரச ரயர் தேய்ந்து கிழிந்தது. நல்ல ரயர் உள்ள நாட்டிற்குப் பொருந்தும் முறை தம் நாட்டிற்குப் பொருந்தாது எனக் கண்டவர், அதனைக் கைவிட்டார். எஞ்சினைச் சட்டத்தின் நடுவே அமைத்து, வார்ப்பட்டி ஒன்றினாற் பின்சக்கரத்தைச் சுழற்றச் செய்தார்.

இதில் ஒரு சிறு கணக்கும் உண்டு. மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் துவிச்சக்கரவண்டியின் சக்கரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 200 தடவை சுழலும். எஞ்சினோ நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான தடவை சுழல்கின்றது. சிறிய கப்பியிலிருந்து பெரிய கப்பிக்கு வாரைப் பூட்டினால் வேகம் குறையும். அதற்கீடாகச் சுழற்றும் வலிமை கூடும். மேடு ஏறுவதற்கு வேண்டியது அவ்வலிமையே. எட்டாம் வகுப்பிலே கப்பி பற்றிப் படிப்பது எதற்கு என வினவும் மாணவருக்கு இதனினும் நல்ல விடை கூற இயலாது.

எரிபொருட் தாங்கிக்கு எங்கே போவது? குளிர்காலத்திலே படுக்கையைச் சூடாக்குவதற்கு வெந்நீர் நிரப்பி வைக்கும் பாத்திரம் யப்பானிய வீடுகளில் உண்டு. முதலிற் செய்த வண்டிக்கு அதுவே தாங்கியாயிற்று.

அடுத்த சிக்கல் எரிபொருள். பெற்றோலுக்குக் கடும் பங்கீடு. பைன் மர வேரிலிருந்து வடித்த எண்ணெயைப் பெற்றோலுடன் கலந்து பாவித்தனர். அது எளிதிற் பற்றாது. நெடுந்தூரம் மிதித்து, வியர்த்து, எஞ்சின் சூடேறிய பின்னரே அது இயங்கத் தொடங்கும். புகையும் நாற்றமும் பெரிது. இதனை வாசிக்கும் நம் பெற்றோர் புன்னகை செய்யக்கூடும். 1990 களில் யாழ்ப்பாணத்திலே பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்தபோது, சில துளி பெற்றோலைக் காட்டி எஞ்சினை இயக்கிவிட்டு, பின் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் அல்லவா நாம்? வானொலிக்கு மின்சாரம் தந்த எஞ்சினை யப்பானியர் துவிச்சக்கரவண்டியிற் பூட்டினர். மின்சாரமற்ற நம் ஊரிலோ துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். தேவை ஆசானாக வரும்போது மனிதரின் கை எங்கும் ஒன்றுபோலவே சிந்திக்கின்றது.

செய்த வண்டியை வீதியில் முதலில் ஓட்டிப் பார்த்தவர்களுள் மனைவியார் சாச்சியும் ஒருவர். உணவுப் பொருள் தேடி நெடுந்தூரம் மிதித்துத் திரிந்தவர் அவர். ஓட்டிவிட்டுத் திரும்பியபோது அவருடைய நல்ல உடையெங்கும் எண்ணெய் தெறித்திருந்தது. எரிபொருளையும் காற்றையும் கலந்து கொடுக்கும் காபுரேற்றரின் வாயிலிருந்து எண்ணெய் கலந்த எரிபொருள் பின்னோக்கிச் சீறியதே காரணம். இவ்வாறிருந்தால் வாங்குவோர் ஏசுவர் என மனைவியார் முறையிட்டார். பிறர் குறை கூறினாற் சினந்தெழும் ஹொண்டா, அன்று மறுத்துரையாது ஏற்றுக்கொண்டார். விற்பனைக்கு வந்த வண்டியில் அக்குறை நீக்கப்பட்டிருந்தது. ஆக்கியோன் கண்ணுக்குப் படாத குறை ஓட்டுவோர் கண்ணுக்குப் படும் என்பதை அவர் அன்று கற்றுக்கொண்டார்.

ஏறத்தாழ 500 எஞ்சின்களைத் தேடி வாங்கினார். வாங்கியவற்றை அப்படியே பூட்டி விற்றுவிடவில்லை. ஒவ்வொன்றையும் முற்றாகப் பிரித்து, துடைத்து, சீர்செய்து, மீண்டும் கூட்டி, ஓட்டிப் பார்த்த பின்னரே விற்றனர். செய்தி பரவியது. ஹமமட்சுவில் மட்டுமன்றி, நாகோயா, ஒசாக்கா, டோக்கியோ முதலிய நகரங்களிலிருந்தும் வியாபாரிகள் வந்து குவிந்தனர். எஞ்சின்கள் தீர்ந்து போயின.

சொந்த எஞ்சின்

எடுத்துப் பூட்டும் பொருள் முடிந்தவுடன் தொழிலும் முடிந்தது என அவர் ஓயவில்லை. இனி எஞ்சினையே நாம் செய்வோம் என்றார். முதலில் வரைந்த எஞ்சினின் தலை உயர்ந்து நின்றமையாற் புகைக்கூண்டு என்னும் பட்டப்பெயர் பெற்றது. அந்நாளைய கருவிகளையும் உலோகங்களையும் கொண்டு அதனைச் செம்மையாகச் செய்ய இயலவில்லை. அதனை ஒதுக்கிவிட்டு மீண்டும் தொடங்கினார்.

1947 ஆம் ஆண்டு கவாஷிமா என்னும் இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். ஹொண்டா பாடங்கேட்ட அதே தொழில்நுட்பப் பாடசாலையிற் படித்தவர் அவர். ஹொண்டா தம் எண்ணங்களைத் தரையிற் கீறிக் காட்ட, இளைஞர் அவற்றை அளவு பிழையாத வரைபடமாக்கினார். அவ்வாண்டு நவம்பரில் ஏ வகை எஞ்சின் வெளிவந்தது. 50 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய இரண்டடிப்பு எஞ்சின் அது. காற்றும் எரிபொருளும் கலந்த கலவை உள்ளே செல்லும் வழியில் ஒரு சுழலும் தட்டு வைக்கப்பட்டது. உரிய கணத்தில் அது வழியைத் திறக்கும். உரிய கணத்தில் மூடும். மூடியபின் கலவை பின்னோக்கிச் சீற வழியில்லை. படபடவென ஓசையெழுப்பி ஓடியமையால் மக்கள் அவ்வகை வண்டிகளைப் பத்தபத்தா என அழைத்தனர். ஹொண்டா என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்த முதற் சொந்த எஞ்சின் இதுவே.

1948 செப்டெம்பர் 24 ஆம் நாள் ஹொண்டா மோட்டார் கம்பனி பதிவுசெய்யப்பட்டது. மறுவருடம் தக்கேயோ புஜிசாவா என்பவர் வந்து இணைந்தார். பொறியியல் ஹொண்டாவின் பொறுப்பு. வணிகமும் பணமும் புஜிசாவாவின் பொறுப்பு. சிறுவயதில் முத்திரை செதுக்கி அகப்பட்ட ஹொண்டா, இப்பொழுது கம்பனித் தலைவருக்குரிய முத்திரையையே புஜிசாவாவிடம் ஒப்படைத்துவிட்டார். அதன்பின் அதனைக் கையாலும் தொட்டதில்லை என்பர். ஒருவர் மற்றவர் துறையில் தலையிடாத அந்நட்பு கால் நூற்றாண்டு நிலைத்தது. இருவரும் தம் புதல்வர்களைக் கம்பனியிற் சேர்க்கவுமில்லை.

1952 இல் கப் எனப் பெயரிட்ட புதிய துணை எஞ்சினை வெளியிட்டனர். ஏறத்தாழ 6 கிலோ எடை, ஒரு குதிரைவலு. செந்நிற எஞ்சினும் வெண்ணிறத் தாங்கியுமாய் அழகுற விளங்கிய அதனைத் துவிச்சக்கரவண்டியின் பின்சக்கரத்தின் அருகே பொருத்தினர். அழுக்கும் எண்ணெயும் ஆடையிற் படாதபடி எஞ்சின் கீழேயும் பின்னேயும் அமைந்தது. சாச்சியின் பழைய முறையீடு மறக்கப்படவில்லை எனலாம். புஜிசாவா நாடெங்குமுள்ள 50,000 க்கும் மேற்பட்ட துவிச்சக்கரவண்டிக் கடைகளுக்குக் கடிதம் எழுதினார். சங்கிலி திருத்திப் பிழைத்த உங்கள் முன்னோர், வெளிநாட்டிலிருந்து வந்த துவிச்சக்கரவண்டியை அன்று துணிந்து ஏற்றது போல, இன்று நீங்களும் எஞ்சினை ஏற்பீர்களா என்பதே அக்கடிதத்தின் கருத்து. ஏறத்தாழ 30,000 கடைகள் விருப்பம் தெரிவித்து எழுதின. சிற்றூர்ச் சயிக்கிள் கடைகளே உலகப் பெருங் கம்பனி ஒன்றின் அடித்தளமாயின.

பின் நிகழ்ந்தவற்றை உலகம் அறியும். 1958 இல் சுப்பர் கப் வெளிவந்தது. உணவு கொண்டு செல்பவர் ஒரு கையில் தட்டை ஏந்தியபடி மறுகையால் ஓட்டக்கூடியதாய், கிளச்சுப் பிடியின்றி அதனை அமைத்தார். 2017 ஆம் ஆண்டளவில் அவ்வகை வண்டிகள் பத்துக் கோடி செய்யப்பட்டிருந்தன. மான் தீவிலே நடைபெறும் புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 1959 இல் முதன்முதலாகப் பங்குகொண்ட ஹொண்டா வண்டிகள், 1961 இல் இரு பிரிவுகளில் முதல் ஐந்து இடங்களையும் பெற்றன. 1963 இல் கார்களும் செய்யத் தொடங்கினர்.

விட்டுக்கொடுத்த பெருமை

ஹொண்டா குறையற்ற மனிதர் அல்லர். வேலையிற் பிழை கண்டால் கையிலிருந்த கருவியை வீசியெறிவார்; தொழிலாளரை அடித்ததும் உண்டு. பின்னர் அதற்காக வருந்துவார். தம் எண்ணத்தில் ஊறிய பிடிவாதம் ஒருமுறை அவரைப் பெரும் இடருக்குள் தள்ளியது. எஞ்சினைக் காற்றினாலேயே குளிர்விக்க வேண்டும். நீர் வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. துவிச்சக்கரவண்டியிற் பூட்டிய சிறு எஞ்சினுக்கு அது முற்றிலும் பொருந்தும். பெரிய கார்களுக்கோ பொருந்தவில்லை. 1968 இல் பிரான்சிலே காற்றினாற் குளிரும் எஞ்சின் பூட்டிய ஹொண்டா பந்தயக் கார் விபத்துக்குள்ளாகி ஓட்டுநர் உயிரிழந்தார். இளம் பொறியியலாளர் நீர்க்குளிர்வே தக்கது என வாதாடினர், அவர் இணங்கவில்லை. நீங்கள் இங்கே தலைவரா, பொறியாளரா என்று புஜிசாவா வினவினார். நெடுநேரம் சிந்தித்த ஹொண்டா, தலைவராகவே இருப்பதாகக் கூறி, இளைஞர் விருப்பப்படி செய்ய இசைந்தார்.

அவ்விளைஞர்கள் 1972 இல் வெளியிட்ட புதிய எஞ்சின், அமெரிக்காவின் கடுமையான புகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவுசெய்தது. அப்பணி நடந்தபோது, அமெரிக்கப் பெருங் கம்பனிகளை வெல்ல இது நல்ல வாய்ப்பு என ஹொண்டா உற்சாகமூட்டினார். இளைஞர்களோ, தாம் உழைப்பது கம்பனியின் வெற்றிக்காக அன்று, பிள்ளைகள் மூச்சுவிடும் காற்றுத் தூய்மையாய் இருப்பதற்காகவே என்றனர். அதனைக் கேட்டு அவர் நாணினார். மக்களின் துயர் கண்டு தொழில் தொடங்கிய தாம், இப்பொழுது கம்பனியின் நலனையே பேசுகின்றோம் என உணர்ந்து, ஓய்வுபெறும் காலம் வந்துவிட்டது எனத் தெளிந்தார். 1973 ஆம் ஆண்டு ஹொண்டாவும் புஜிசாவாவும் ஒருங்கே பதவி துறந்தனர். அடுத்த தலைவரானவர், அன்று கொட்டகையிலே வரைபடம் வரைந்த கவாஷிமா.

ஓய்வுபெற்றபின் நாடெங்கும் சென்று, சிறிய திருத்தகங்களிலும் வேலை செய்தோரைத் தனித்தனியே கண்டு கைகுலுக்கி நன்றி கூறினார். ஓரிடத்தில் ஒரு தொழிலாளி தன் கையில் எண்ணெய் படிந்திருப்பதைக் கண்டு கையைப் பின்னிழுத்தார். எண்ணெய்க் கைதான் தமக்கு விருப்பமானது என்று சொல்லி, அதனை இறுகப் பற்றினார் ஹொண்டா. அவருடைய இடக்கையும் சம்மட்டியும் கருவியும் பட்ட தழும்புகளால் நிறைந்தது. 1991 ஓகஸ்ட் 5 ஆம் நாள், தமது 84 ஆம் வயதில் அவர் காலமானார். தம் இறுதிச் சடங்கினால் வீதிகளிலே வாகன நெரிசல் உண்டாகக் கூடாது என விரும்பியமையால், கம்பனியின் சார்பிற் பெருஞ்சடங்கு எதுவும் நடைபெறவில்லை.

அன்பு மாணவச் செல்வங்களே, உங்களுள் சிலர் பாடசாலையிற் கணிதத்தில் வல்லவராயிருப்பீர்கள். சிலர் பழுதான பொருளைப் பிரித்துப் பார்ப்பதில் வல்லவராயிருப்பீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. கை அறிந்தது போதாதபோது ஹொண்டா வகுப்பறையை நாடினார். வகுப்பறை அறிவு போதாதபோது வீதியில் ஓட்டுவோரின் சொல்லைக் கேட்டார். பெற்றோர்களே, பிள்ளை பெற்ற புள்ளியைக் கேட்கும் நாம், அவன் அல்லது அவள் இவ்வாரம் எதனைச் செய்து பார்த்தாய் என்பதையும் கேட்போம். செய்தது ஓடாவிட்டால், ஏன் ஓடவில்லை என்று அருகிலிருந்து ஆராய்வோம்.

ஊரையும் வீட்டையும் தொழிலையும் விட்டு வந்து, புதிய நாட்டில் முதற்படியிலிருந்து தொடங்கியவர்கள் நம்மிற் பலர். கையில் எஞ்சியிருந்தது சிறிதாகவே இருந்திருக்கலாம். வீதியிலே அந்தப் பெயர் பொறித்த வண்டி ஒன்று கடந்து செல்லும்போது, வெந்நீர்ப் பாத்திரத்தை எரிபொருட் தாங்கியாக்கிய அந்தச் சிறு கொட்டகையை நினைவிற் கொள்வோமாக.